நடந்து வரும் மரம்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர்தான். தசரா விடுமுறையும் திருமலை பிரம்மோற்சவமும் சேர்ந்து வரும் ஆண்டுகளில், எந்த நாள் போவது என்பதில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சச்சரவு நடக்கும். எல்லோருக்கும் ஐந்தாம் நாள் இரவின் கருட சேவைதான் வேண்டும். சென்னையிலிருந்து திருக்குடைகள் வந்து சேர்ந்திருக்கும், மலை கொள்ளாத கூட்டம் கூடியிருக்கும். எனக்கு அதற்கு முந்தின நாள் காலை போதும். அன்றுதான் கற்பக விருட்ச வாகனம். முதல் நாள் பெரிய சேஷனில் தொடங்கி அன்னம், சிம்மம், முத்துப்பந்தல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கருடனுக்காகக் காத்திருக்கும் அவசரத்தில் பலர் இந்த மரத்தைச் சரியாகப் பார்க்காமலே கும்பிட்டு விடுகிறார்கள். கும்பிட்ட கையை இறக்கிய பிறகு கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பொன்னைப் பாருங்கள். மரம் என்றால் பச்சை என்று பழகிய கண்ணுக்கு, கிளையும் இலையும் பொன்னாகவே தழைத்து நிற்பது ஒரு கணம் கூச்சம் தரும். அப்புறம் கண் பழகிவிடும். பழகியதும் அந்தப் பொன்னிலேயே எத்தனை நிறம் என்று தெரிய வரும். வெயில் பட்ட இலை சம்பங்கியின் வெளிர் மஞ்சள், அதன் நிழல் விழுந்த அடுத்த இலை பழுத்த மாவிலையின் செம்மஞ்சள், உள்ளே ஒடுங்கிய இலை தேன். நடுவே செருகிய பூச்சரங்கள்தான் உயிருள்ள பச்சையையும் சிவப்பையும் கொண்டுவருகின்றன. பூ வாடும், பொன் வாடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் தெரிந்த கைக்குத்தான் அலங்காரம் தெரியும் என்பேன்.

மரத்தடியில் ஸ்ரீதேவி, பூதேவியோடு உற்சவரான மலையப்ப சுவாமி. 1339-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று ‘மலைகுனிய நின்ற பெருமாள்’ என்று சொல்வது இவரைத்தான். மலையே குனிந்தது என்று பெயர் வைத்த அந்தத் தமிழைத் தனியாக உட்கார்ந்து ரசிக்கலாம். இந்த வாகனத்தில் அவருக்குப் பெரும்பாலும் ராஜமன்னார் கோலம். மன்னார்குடிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாடு மேய்க்கும் ராஜா அவர். கேட்டதெல்லாம் தரும் தேவலோக மரத்தின் அடியில், மேய்ச்சலுக்கு நடுவே நிழலுக்கு ஒதுங்கிய இடையனைப் போல உட்கார வைத்தார்களே, அந்தக் கற்பனையின் எளிமை எனக்கு ஒவ்வொரு முறையும் இனிக்கிறது.

இந்த மரத்தின் இன்னொரு பிறப்பைப் பார்க்க ஸ்ரீகாளஹஸ்திக்குப் போகவேண்டும். அங்கே அது துணியில் ஓவியமாக வளர்கிறது. கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் நனைத்து உலர்த்திய பருத்தித் துணி. மூங்கில் குச்சியைச் சீவி, நுனிக்குச் சற்று மேலே கம்பளி நூலைச் சுற்றிய பேனா. கம்பளியை விரலால் லேசாக அழுத்தினால் சாயம் நுனிக்கு இறங்கும். இரும்புத் துண்டும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீர் அது. துணியைத் தொடும்போது நீர்த்த பழுப்பாக இருக்கும். கடுக்காயோடு சேர்ந்ததும் கண் முன்னாலேயே கறுக்கும். பாலின் கொழுப்பு இருப்பதால் கோடு பரவாது. ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். கலைஞர் அடிமரத்திலிருந்து ஒரு கொடியை இழுத்து, மூச்சு விடாமல் வளைத்து, அதன் முனையில் ஓர் இலையை முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார். அடுத்த இலை அதே அளவு, ஆனால் கழுத்தைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பியிருந்தது. அச்சில் வராத அழகு அந்தச் சின்னத் திருப்பத்தில் இருக்கிறது.

அலங்கரித்த மரம் ஒன்று கடல் கடந்தும் உண்டு. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் மகள் டிசம்பர் தோறும் எனக்கு ஒரு படம் அனுப்புவாள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் கிறிஸ்துமஸ் மரம். விடுமுறை வந்தால் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போகாமல் அவளுக்கு ஆகாது. இருபதடி ஸ்ப்ரூஸ் மரம், பின்னால் ஸ்பெயின் நாட்டு தேவாலயம் ஒன்றின் பெரிய இரும்புத் தடுப்பு, கிளைகளில் 18-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் கலைஞர்கள் செய்த சம்மனசுகள். லொரெட்டா ஹைன்ஸ் ஹோவர்ட் என்ற அம்மையார் தேடிச் சேர்த்துக் கொடுத்தவை. சுடுமண் முகம், பட்டு அங்கி. அந்த அங்கி காற்றில் பறப்பதுபோல மடிந்து நிற்கும் நேர்த்தியை நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வியப்பதுண்டு. அசையாத பட்டில் காற்றைக் காட்டியிருக்கிறார்கள்!

எங்கள் திருமலை மரத்துக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை. அது நிஜமாகவே நடந்து வருகிறது. அங்கே மரம் நிற்கும், மனிதர்கள் சுற்றுவார்கள். இங்கே நாம் மாடவீதி ஓரம் உட்கார்ந்திருப்போம், மரம் நம்மைத் தேடி வரும். வாகனத்தைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் தோளை இந்த இடத்தில் மறக்கக் கூடாது. வாகனம் நம் பக்கம் வரும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள். நான் ஒரு கணம் கீழே பார்ப்பேன். முன்வரிசைக் கால்கள் சேர்ந்து எழுந்து சேர்ந்து பதியும். அந்த ஒவ்வொரு பதிவும் தண்டு வழியாக ஏறி, அடிமரம் கடந்து, உச்சிச் சரத்தில் ஒரு மெல்லிய நடுக்கமாக முடியும். வாகனம் நின்ற பிறகும் அந்தச் சரம் உடனே நிற்பதில்லை. சற்று நேரம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். பொன் மரத்துக்கு மூச்சு இருக்கிறது என்று நான் நம்புவது அந்த வேளையில்தான்.

கடைசியாக, உட்காரும் இடம் பற்றி. இப்போதெல்லாம் காலை எட்டு மணிக்கு வாகனம் புறப்படுகிறது. வலமாகச் சுற்றுவதால் தெற்கு மாடவீதியில் மரம் மேற்கு நோக்கிப் போகும், வெயில் அதன் முதுகில் விழும். எதிரே இருப்பவர்களுக்குக் கிளைகளின் விளிம்பு மட்டும் தீக்கோடாகத் தெரியும். அதுவும் அழகுதான். ஆனால் வடக்கு மாடவீதியில் மரம் கிழக்கே திரும்பிவிடும். ஒன்பது மணி வெயில் நேராக முகத்தில் விழ, இலைகளும் தாயார் இருவரும் மலையப்பனும் ஒரே பொன்னாகி வருவார்கள். மேகம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், புரட்டாசி வானத்தை நம்ப முடியாது. இருந்தாலும் விடிவதற்குள் போய் வடக்கு வீதியில் இடம் பிடித்துவிடுங்கள்.