விருப்பக் குறியும் மொய் நோட்டும்

ஆடி பிறந்துவிட்டால் அறந்தாங்கி, கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து ஃப்ளெக்ஸ் இல்லாத சாலையைப் பார்ப்பது அரிது. கறிச்சோறு போட்டு, நோட்டில் பெயரெழுதி வாங்கிய தொகையை, செய்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாதவரை ஊர் மறக்காது. எங்கள் பக்கத்து எழுத்தாளர்களின் முகநூல் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. என் கவிதைக்கு நீ ஒரு லைக் போட்டாய். உன் நூல் அட்டைக்கு நான் ‘வாழ்த்துகள் தோழர்’ போட்டேன். கணக்கு நேர். புத்தகத்தைப் பிரித்துப் படித்தவர் யார் என்ற வரி மட்டும் அதில் இல்லை.

இதை வெறும் கேலியோடு விட்டுவிட முடியாது. மொய்ப் பணத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் உண்டு, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. முகநூலும் அப்படி ஒரு கைம்மாற்றுதான். புத்தகக் கடை என்று தேடினால் பள்ளிக்கூட நோட்டும் பேனாவும் விற்கும் கடையே கிடைக்கிற ஊர்களில், சென்னைப் பத்திரிகையின் மதிப்புரைக்குக் காத்திருந்த எழுத்தாளருக்கு அது முதல் வாசலைத் திறந்தது. இரவு பத்து மணிக்குப் போட்ட கவிதையை யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அப்போதே படிக்கிறார்கள். புதுக்கோட்டையில் நா.முத்துநிலவனும் நண்பர்களும் ஆசிரியர்களுக்குக் கணினியில் தமிழ் எழுதப் பழக்கி, 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர் சந்திப்பையே அங்கு நடத்தினார்கள். மாவட்டத்தின் பல கைகள் எழுத வந்ததற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

குறை எங்கே என்றால், கொடுக்கல் வாங்கல் எழுதுகிறவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எழுதாத, வெறுமனே படிக்கிற மனிதருக்குப் பந்தியில் இடமில்லை. அட்டை வெளியீடு, அச்சகத்துப் படம், விழா அழைப்பிதழ், பொன்னாடைப் படம் என்று ஒரு மாதம் ஓடும். நூலிலிருந்து ஒரு முழுப் பத்தி வெளிவந்திருக்காது. வாசகர் எதைப் பிடித்துக்கொண்டு பேசுவார்?

எழுத்தாளர் ஜெயமோகனின் இணையதளத்தை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை ‘வெண்முரசு’ நாவல் வரிசை அங்கே நாளுக்கு ஓர் அத்தியாயமாக வந்தது. மொத்தம் 26 நாவல்கள். அந்த அளவைவிட என்னைக் கவர்ந்தது அங்கே வெளியாகும் வாசகர் கடிதங்கள். லைக் போடக் கட்டைவிரல் போதும். கடிதம் எழுத, நூலைப் படித்திருக்க வேண்டும். பத்தி பத்தியாக எழுதிய வாசகருக்குப் பத்தி பத்தியாகவே பதில் கிடைத்தது. கடிதம் எழுதியே எழுத்தாளர் ஆனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். ஆனால் தளம் எழுத்தாளரின் சொந்த வீடு. எந்தக் கடிதம் கூடத்துக்கு வரலாம் என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்கிறார். புகழ்ச்சிக் கடிதங்கள் அடுத்தடுத்து வரும்போது, ‘இந்த அத்தியாயம் எனக்குச் சலிப்பூட்டியது’ என்று எழுத நினைத்தவர் பேசாமல் நகர்ந்துவிடக்கூடும்.

எழுத்தாளர் பவா செல்லத்துரை எடுத்தது வேறு வழி. தன் நூலைத் தூக்கிப் பிடிக்காமல் பிறர் கதைகளைக் கூட்டத்தின் முன் சொன்னார்; யூடியூபில் அவை பரவின. பிறர் எழுத்தைப் பேசுகிறவரை வாசகர் எளிதில் நம்புகிறார். கேட்டதையே படித்ததாக எண்ணிக்கொள்கிற ஆபத்தும் இதில் உண்டு. கதை காதில் ஏறும், எழுதியவரின் நடை ஏறாது.

வாசகர்களே இல்லை என்று புலம்புகிறவர்கள் பிரதிலிபி செயலியை ஒருமுறை திறந்து பார்க்கலாம். தொடர்கதையின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே, இலக்கியக் கூட்டம் எதற்கும் வராதவர்கள் வந்து சண்டை போடுகிறார்கள். அவர்கள் அசல் வாசகர்கள். சிக்கல் எழுதுகிறவர் பக்கம் இருக்கிறது: நாயகியைப் பிரிக்காதீர்கள் என்று இருபது பேர் கேட்டால் கதை வளைந்து கொடுத்துவிடுகிறது.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தபோதும் வாசகர்கள் கொதித்தார்கள். அவர் முடிவை மாற்றவில்லை; மன்னிப்பும் கேட்கவில்லை. கற்பிழந்து வந்த மகளை ஏற்றுக்கொண்ட அந்தக் கதையின் தாய் வேறுவிதமாக நடந்துகொண்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று யோசித்து, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாசகரின் கோபத்தை இவ்வளவு மதித்த பதில் தமிழில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான். இன்று அதே கதை வந்திருந்தால் கமெண்டுகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நாவலுக்கான சூடு ஆறியிருக்கும்.

எல்லாக் கோபமும் வாசகரின் கோபம் அல்ல. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்தது. நான்காண்டுகள் கழித்து அதன் சில பக்கங்களை மட்டும் பிய்த்துப் பரப்பியவர்கள் நாவலைப் படிக்க அழைக்கவில்லை. எழுத்தை விடுகிறேன் என்று 2015 ஜனவரியில் அவர் அறிவித்ததும் முகநூலில்தான். சென்னை உயர்நீதிமன்றம் 2016 ஜூலையில் அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொன்ன பிறகே நிலைமை மாறியது. படிக்காமல் வருகிற கூட்டத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று எந்த எழுத்தாளரையும் கட்டாயப்படுத்த முடியாது.

ஆகவே அறந்தாங்கிப் பக்கம் எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நூலின் கடைசிப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி போட்டு, எழுதுங்கள் என்று கேளுங்கள். விழாப் படங்களைக் குறைத்து, நூலிலிருந்து ஒரு முழுக் கதையை முகநூல் பக்கத்தில் போடுங்கள். படித்துவிட்டு யாராவது குறை சொல்லி எழுதினால் அந்தக் கடிதத்தை முதலில் வெளியிடுங்கள். பாராட்டுக் கடிதம் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.