பேயும் போதனையும்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தைச் சமணர் சினகாஞ்சி என வழங்குவர். அவ்வூரோடு தொடர்புடைய வாமன முனிவர் நீலகேசிக்குச் சமயதிவாகரம் என்னும் விரிவுரை கண்டார். 1936ஆம் ஆண்டில் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலைப் பதிப்பித்தார். ஒரு பேயைத் தலைவியாகக் கொண்ட இக்காப்பியம், அச்சக் கதையைச் சமயப் போதனைக்குப் பயன்படுத்துவோர் அனைவரும் ஆராயத்தக்கது.

தொடக்கம் சிறப்புடையது. காளி கோயிலில் உயிர்ப்பலி இட வந்தோரிடம், உயிருக்கு ஈடாக மண்ணுருவங்களைப் படைக்குமாறு முனிச்சந்திரர் அறிவுறுத்துகிறார். பலியிழந்த காளி பழையனூர் நீலியின் துணையை நாடுகிறாள். நீலி கொடிய தோற்றங்களால் முனிவரை அச்சுறுத்துகிறாள்; அரசிளங்குமரியாக வந்து மயக்கவும் முயல்கிறாள். அவர் அசைந்தாரல்லர். முடிவில் நீலியே மனந்திரும்பி அறங்கேட்கிறாள். கொல்லாமையும் அஞ்சாமையும் இங்கே செயலாக நிற்பதால், போதனை தானாகவே உள்ளத்தில் இறங்குகிறது.

ஆனால் பத்துச் சருக்கங்களுள் எஞ்சிய ஒன்பதும் வாதங்களே. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என ஒவ்வொருவரும் தோற்பதற்கென்றே வாய் திறக்கின்றனர். இது வாதநூலே, கதை ஒரு சாக்கே எனச் சிலர் விடை கூறலாம். மறைந்துபோன குண்டலகேசியைப் பற்றி அறிய இந்நூலும் உரையும் பெரிதும் துணைபுரிகின்றன என்பதும் உண்மையே. எனினும், வாதமே நோக்கமாயின் பேய் எதற்கு? கேட்போரை ஈர்க்கவே பேய் வந்தது. ஈர்த்தபின் அது கைவிடப்பட்டது.

இழப்பு இன்னும் பெரிது. நாட்டார் வழக்கில் நீலி, கணவனால் கொலையுண்டு பழிதீர்க்க வந்த பெண். 7ஆம் நூற்றாண்டினரான சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே இப்பழங்கதையைச் சுட்டுகிறது. நீலகேசியோ அவள் பெயரை ஏற்றது. அவள் முறையீட்டைக் கேட்கவில்லை.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையோடு இதனை ஒப்பிடுக. சுடுகாட்டில் பேய்மகளின் கூத்தைக் கண்டு அஞ்சிச் சார்ங்கலன் இறக்கிறான். பார்வையற்ற தாய் கோதமி, தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியிடம் மன்றாடுகிறாள். தெய்வம் வினைக் கோட்பாட்டை உரைக்கிறது. தாய் உடனே அடங்கவில்லை. தேவர் வரமளிப்பர் என மறைநூல் கூறவில்லையா என எதிர்வழக்காடுகிறாள். இங்கும் போதனை உண்டு. ஆயினும் துயருற்றவளின் குரல் அதனால் மூடப்படவில்லை.

இத்தீர்ப்பு நம்மையும் தொடும். நரக வேதனையை விரித்துரைத்துக் கேட்போரை நடுங்கச் செய்து, அந்நடுக்கத்தையே மனந்திரும்புதல் எனக் கணக்கிடும் அருளுரைகளையும் நாடகங்களையும் நாம் அறியாதவர்களல்லோம். ஐசுவரியவான், லாசரு உவமையிலும் அக்கினி வேதனை உண்டு. எனினும் அதன் இறுதிச் சொல் யாது? மோசேக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் செவிகொடாதவர்கள், மரித்தோரிலிருந்து ஒருவன் எழுந்து வந்தாலும் நம்பார்கள் என்பதன்றோ? அச்சுறுத்தும் ஆவியால் ஆகாததை அவ்வுவமையே அறிந்திருக்கிறது. உயிரோடிருக்கையில் அந்தச் செல்வன் காண மறுத்தது, தன் வாசலில் கிடந்த ஏழையையே. நம் கதைகளிலும் பிரசங்கங்களிலும் பேயை ஓட்டுமுன், அது எந்த வாசலில் அழுதது என்று கேட்போமாக.