அறிமுகச் சீட்டா, தனிக் கலையா?
குறும்படங்கள் பற்றி ஒரு மதிப்பீடு

அளவில் சிறியது மதிப்பிலும் சிறியது என்னும் கருத்து தமிழ் இலக்கிய உலகில் என்றும் நிலைபெற்றதில்லை. நான்கு முதல் எட்டு அடிகளில் அமைந்த பாடல்களைக் குறுந்தொகை எனத் தொகுத்த முன்னோர், அவற்றை நெடும்பாட்டுக்கான முன்பயிற்சியாகக் கருதவில்லை. ஏழு சீரில் முடியும் குறளை முற்றுப்பெறாத வெண்பா என எவரும் சொல்வதில்லை. புதுமைப்பித்தனைச் சிறுகதைக்காகவே போற்றுகிறோம். பெரிய நாவல் ஒன்றை அவர் முடித்துத் தராததைக் குறையாகக் கணக்கிடுவதில்லை. ஆயின் திரைப்படம் என்று வந்துவிட்டால் மட்டும் நம் அளவுகோல் மாறிவிடுகிறது. பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து முடித்த இளைஞனிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி, “பெரிய படம் எப்போது?” என்பதே.

இக்கேள்வியில் வாழ்த்து இருக்கிறது, மதிப்பீடு இல்லை. நம்மிற் பலர் அரசு அலுவலகக் கோப்புகளோடு நாளைக் கழிப்பவர்கள். விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் சான்றொப்பமிட்ட நகலை எவரும் சுவைத்துப் படிப்பதில்லை என்பதை நாம் நன்கு அறிவோம். வேலை கிடைத்த பின் அது கோப்பினுள் உறங்கிவிடும். குறும்படத்தையும் அத்தகைய இணைப்பாகவே நடத்தி வருகிறோம். இது முறைதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருக்கை தேடும் நேரத்துப் படங்கள்

குறும்படத்தின் தாழ்நிலை நேற்றுத் தோன்றியதன்று. 1948இல் தொடங்கப்பட்ட அரசின் பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திச் சுருள்களும் ஆவணப்படங்களும் நெடுங்காலம் திரையரங்குகளில் பெரிய படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டப்பட்டன. மக்கள் இருக்கை தேடி அமரும் நேரமாகவே அது பெரும்பாலும் கழிந்தது. அப்படங்களிலும் அரிய முயற்சிகள் இருந்தன. நாடு விடுதலை பெற்ற 1947இல் பிறந்த இளைஞர்களை, அவர்களுக்கு இருபது வயதாகும்போது நேரிற் கண்டு பேசச்செய்து எஸ். என். எஸ். சாஸ்திரி 1967இல் உருவாக்கிய ‘ஐ ஆம் ட்வென்டி’ அத்தகையது. அரசுப் பணத்தில் எடுத்த படத்திலும் அரசின் குரலை விட இளைஞரின் ஐயமும் ஆசையும் உரக்கக் கேட்கும். ஆயினும் ‘பெரிய படம் தொடங்கும் வரை’ என்ற மனநிலை பார்வையாளரை விட்டு அகலவில்லை. பிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்த மனநிலையோ இன்னும் நம்மிடம் இருக்கிறது.

தமிழில் நேர்ந்தவை

தமிழ்நாட்டில் குறுவடிவத்துக்கு வாயில் திறந்தது தொலைக்காட்சி. ‘மூன்றாம் பிறை’ முதலிய படங்களால் புகழ்பெற்ற பாலு மகேந்திரா, 2000ஆம் ஆண்டையொட்டிச் சன் தொலைக்காட்சியில் ‘கதை நேரம்’ என்னும் வரிசையில் தமிழ்ச் சிறுகதைகளைச் சிறு படங்களாக ஆக்கினார். பெரிய படங்களில் பெயர் பெற்ற ஒருவர் குறுவடிவத்தை நாடி வந்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது. அவருக்கு அது ஏணியின் முதற்படி அன்று. ஒரு சிறுகதைக்கு உரிய அளவு அதுவே எனக் கண்ட கலைஞனின் தேர்வு.

2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ மற்றொரு நெறியைக் காட்டியது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், அல்போன்ஸ் புத்திரன், ராம்குமார் எனத் தமிழ்த் திரையை மாற்றியமைத்த இளைஞர் பலர் அதன்வழி வந்தனர். உதவி இயக்குநராகப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தாலன்றிக் கதவு திறவாது என்ற நிலையை அந்நிகழ்ச்சி உடைத்தது. இந்நன்மையை மறுப்பது நன்றியன்று. ஆயினும் அதன் பெயரையே பாருங்கள்: மதிப்பு இன்றைய படத்துக்கு அன்று, நாளைய பதவிக்கு.

அங்கே பிறந்த இரு குறும்படங்கள் பின்னர் முழுநீளப் படங்களாக வளர்ந்தன. அவற்றை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ குறும்படத்தில், காதலன் நம்மை நேராகப் பார்த்துப் பேசுகிறான். நண்பன் ஒருவன் தேநீர்க் கடையில் தன் துயரத்தைச் சொல்லிச் சிரிக்கவும் வைப்பது போன்ற விரைவு அதில் உண்டு. 2012இல் அது பெரிய படமானபோது, நாயகியின் பெற்றோர் பிரிவதும் கூடுவதும் ஆகிய கிளைக்கதை சேர்ந்தது. அக்கிளை தன்னளவில் நன்றே. ஆயின் அந்தப் பேச்சின் விரைவு குன்றிவிட்டது. ராம்குமாரின் ‘முண்டாசுப்பட்டி’யோ வேறு வகை. புகைப்படம் எடுத்தால் உயிர் போகும் என நம்பும் ஊர் என்பது அதன் கரு. ஓர் ஊரின் நம்பிக்கையைக் காட்ட ஊரும் மாந்தரும் வேண்டும். ஆதலின் 2014இல் வந்த நீண்ட வடிவில் அக்கரு செழித்தது. நீட்டல் எப்போதும் பிழை அன்று. எக்கருவுக்கு எவ்வளவு இடம் என்பதே வினா. அந்த வினாவை எழுப்பாமல், பெரிதானவை எல்லாம் வென்றவை என்று முடிவுகட்டுவதுதான் பிழை.

இம்மனப்பான்மை படைப்போரையும் கெடுக்கிறது. இன்று இணையத்தில் காணும் தமிழ்க் குறும்படங்கள் பலவற்றில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இறுதி நிமிடத்தில் ஒரு திடீர்த் திருப்பம். மாந்தர் வாய்திறக்குமுன் நம்மை அழச்சொல்லும் பின்னணி இசை. முடிவில் எழுத்தில் தோன்றும் அறிவுரை. மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. படம் எடுத்தவர், பார்ப்பவரிடம் பேசாமல், எங்கோ அமர்ந்திருக்கும் தயாரிப்பாளரிடம் தம் திறமையைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

விண்ணப்பமாகாத படங்கள்

இதற்கு நேர்மாறான ஒன்று மதுரையில் பிறந்தது. ஆர். பி. அமுதன் 2003இல் எடுத்த ஆவணப்படம், தெருவில் மனிதக் கழிவை அகற்றும் துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண்ணின் வேலையை உடனிருந்து காட்டுகிறது. நாம் வீட்டில் சொல்லக் கூசும் ‘பீ’ என்னும் சொல்லே அதன் தலைப்பு. சொல்லைக் கேட்கவே கூசுகிறோம். ஒருவர் அதை நாள்தோறும் கையால் அள்ளுவதற்கு நாம் கூசுவதில்லை. இம்முரணைப் படம் சொற்பொழிவால் விளக்கவில்லை; வேலையை அதன் நேரத்திலேயே காட்டி நம்மைப் பார்க்கச் செய்கிறது. இதனை இரண்டரை மணிக் கதையாக நீட்ட இயலாது. எந்தத் தயாரிப்பாளருக்கும் இது விண்ணப்பமும் ஆகாது. அது எடுத்துக்கொண்ட அளவே அதன் அறம்.

இனி, புனைவுக்கு வருவோம். புனே திரைப்படக் கல்லூரி மாணவியாக இருந்தபோது பாயல் கபாடியா எடுத்த ‘ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்’ 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குத் தேர்வாயிற்று. பிற்பகல் மேகங்கள் என்பது தலைப்பின் பொருள். அளவு 13 நிமிடம். அறுபது வயதுக் கைம்பெண் ஒருத்தி, அவள் வீட்டில் வேலை செய்யும் நேபாளப் பெண், மாடத்தில் பூக்கும் ஒரு பூ, தன் ஊர்ப்பக்கத்து இளைஞன் ஒருவனை அப்பெண் எதிர்பாராது சந்திப்பது. கதை என்று சொல்லத்தக்கது இவ்வளவே. அவ்விளைஞன் கப்பலில் வேலை பார்ப்பவன்.

இப்படத்தில் ஒன்றும் நிகழவில்லை என்பார் உளர். அகப்பாடல் பயின்றவர் அவ்வாறு சொல்லார். தொல்காப்பியர் நண்பகலைப் பாலைக்கும் எற்பாட்டை நெய்தலுக்கும் உரிய பொழுதுகளாக வகுத்தார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிற்பகலோ அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பிறந்த மண்ணைப் பிரிந்து வந்த ஒருத்தி, கடல்மேற் செல்லும் ஒருவனைக் காணும் பொழுது வேறு எதுவாக இருக்கமுடியும்? இயக்குநர் நம் திணைக் கோட்பாட்டை அறிந்து செய்தார் என்பதன்று நம் வாதம். முதற்பொருளும் கருப்பொருளும் சரியாக அமைந்தால் உரிப்பொருள் தானே எழும் என்று நம் முன்னோர் கண்டது, 13 நிமிடப் படத்துக்கும் பொருந்துகிறது என்பதே. பூவும் பொழுதும் பேசுவதால் மாந்தர் மிகுதியாகப் பேசவேண்டியிராது.

அவரே 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ பரிசு பெற்ற ‘ஆல் வீ இமாஜின் ஆஸ் லைட்’ படத்தை எடுத்தார். மும்பையில் வாழும் மலையாளச் செவிலியரைப் பற்றியது அது. பிழைக்க வந்த ஊரில் வாழும் பெண்களின் தனிமை இரண்டிலும் பொதுவாயினும், முன்னதை இழுத்துப் பின்னதாக்கவில்லை அவர். பெரிய படம் பரிசு பெற்றதால் குறும்படம் உயர்ந்துவிடவுமில்லை. பெறாதிருந்தால் தாழ்ந்திருக்கவும் மாட்டாது.

அதே 2024இல், அதே கல்லூரியின் ஓராண்டுத் தொலைக்காட்சிப் படிப்பில் பயின்ற சிதானந்த நாயக்கின் கன்னடக் குறும்படம் கானின் மாணவர் பிரிவில் முதற்பரிசு பெற்றது. ‘சூரியகாந்திகளே முதலில் அறிந்தன’ என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். கிழவி ஒருத்தி ஊர்ச் சேவலைத் திருடிச் சென்றுவிட, ஊருக்குப் பொழுதே விடியாமற் போகிறது. பாட்டி கதைகளில் நாம் கேட்டறிந்த வகை இது. 16 நிமிடத்தில் முடிவதால்தான் சேவல் கூவாவிடில் விடியாது என்பதை நம் மனம் மறுக்காமல் ஏற்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருந்தால் காரணம் கேட்கத் தொடங்கியிருப்போம்.

நாம் செய்யத்தக்கது

1990 முதல் மும்பையில் ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப்படம் ஆகியவற்றுக்கென விழா நடைபெற்று வருகிறது. 2008 முதல் கேரளத்திலும் அத்தகைய விழா உண்டு. இவற்றுக்கெல்லாம் செல்லும் வாய்ப்பு நம் குடும்பங்களுக்கு அரிது. ஆயினும் தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வடிவம் தனியொரு நன்மை செய்யவல்லது. நம் பிள்ளைகளிற் பலர் தமிழைப் பேசுவர், படிக்கத் தடுமாறுவர். சிறுகதைத் தொகுதியை அவர்கள் கையில் கொடுத்தால் மூடிவைத்துவிடும் வாய்ப்பே மிகுதி. நல்ல குறும்படம் ஒன்றைப் பெற்றோரோடு அமர்ந்து பார்த்து அதைப் பற்றித் தமிழில் உரையாடுவது அவர்களால் இயலும்.

ஆண்டு விழாவில் ஆடலுக்கும் பாடலுக்கும் பட்டிமன்றத்துக்கும் நேரம் ஒதுக்கும் சங்கங்கள், குறும்படங்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். மூன்று படங்கள் போதும். ஒவ்வொன்றின் பின்னும் விளக்கைப் போட்டுக் கால் மணி நேரம் பேசுதல் வேண்டும். அப்போது கேட்கவேண்டியவை: இக்கருவுக்கு இவ்வளவு ஏற்றதா? பொழுதும் இடமும் பேசினவா? இறுதித் திருப்பத்தை நீக்கினால் எஞ்சுவது என்ன?

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் கைப்பேசியில் எட்டு நிமிடப் படம் எடுத்து வந்து காட்டும் நாளும் வரும். பலர் வீட்டில் அந்நாள் ஏற்கெனவே வந்திருக்கும். “இதனால் வேலை கிடைக்குமா?” என்று கேட்பது பெற்றோர்க்கு இயல்பே, மாதச் சம்பளத்தில் வாழ்வோர் அதைக் கேட்காமலிருக்க இயலாது. ஆயினும் அக்கேள்வியை மறுநாளைக்கு ஒத்திவைத்து, அன்று படத்தைப் பற்றி மட்டும் பேசுவோமாக. எட்டு நிமிடத்தையும் முழுக் கவனத்தோடு ஒருவர் பார்த்தார் என்று அறிந்த பிள்ளையே, தயாரிப்பாளருக்காக அன்றிப் பார்ப்பவருக்காக அடுத்த படத்தை எடுக்கும்.