கறுப்புத் துளிக்கு விலை இல்லை

2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிட்டேஜ் ஏலக்கூடத்தில், ‘சூப்பர் மரியோ 64’ விளையாட்டின் பிரிக்காத பெட்டி ஒன்று 1.56 மில்லியன் டாலருக்குப் போனது. அரிய பொருளா என்றால் இல்லை. 1996-ல் வெளிவந்து உலகமெங்கும் கிட்டத்தட்ட 12 மில்லியன் பிரதிகள் விற்ற விளையாட்டு அது. அவ்வளவு பணமும் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளுக்கும், தரம்பிரிக்கும் நிறுவனமான வாட்டா அதற்குப் போட்ட 9.8 என்ற எண்ணுக்கும் கொடுக்கப்பட்டது. தாளைக் கிழித்தால் மதிப்பு போய்விடும் என்பதால், வாங்கியவர் அதை விளையாடவே முடியாது. இதைப் பணக்காரர்களின் கிறுக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அந்தச் செய்தி பரவியதற்குப் பின்னால் இணையச் சந்தைகளான ஷோப்பியிலும் கரோசலிலும் பெட்டியில்லாத, ஸ்டிக்கர் கிழிந்த சாதாரணக் கேசட்டுக்குக்கூட ‘ரேர்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது. ஜொகூரின் கோத்தா திங்கியில் உட்கார்ந்து கைப்பேசியில் விலை பார்க்கிறவர்வரை அந்த அலை வந்து சேர்ந்திருக்கிறது. அப்படி விலை பார்க்கிறவர் எதைத் தேடுகிறார், அவர் தேடும் அசல் அவருக்குத் தேவைதானா என்பதே இங்கே கேள்வி.

விலை ஏறியதற்குக் காரணங்கள் பல. 2020-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டால் வீட்டில் அடைபட்டவர்கள் பழைய விளையாட்டுகளைத் தேடினார்கள். தரம்பிரிப்பு வந்தபின் விளையாட்டு முதலீட்டுப் பொருளாக மாறியது. வாட்டா நிறுவனம் விலையைச் செயற்கையாக ஊதிப் பெருக்கியது என்று குற்றஞ்சாட்டி 2022-ல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். யென் மதிப்பு சரிந்ததும் வெளிநாட்டுப் பயணிகள் தோக்கியோவின் அகிஹாபாரா கடைகளின் அலமாரிகளைக் காலி செய்தார்கள். மலேசியர்களான நமக்கு இன்னொரு சுமையும் உண்டு: 2024 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி. இதற்கு மேல் அஞ்சல் செலவு. அமெரிக்கரின் சம்பளத்தை வைத்து முடிவான விலையை நாம் நமது வெள்ளியில் கொடுக்கிறோம்.

விலையைவிட முக்கியமானது, அந்த அசல் யாருடைய நினைவு என்பது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் 1983-ல் ஜப்பானில் வெளிவந்தது. மலேசியாவின் சிற்றூர்களில், தோட்டப்புறங்களில் பெரும்பாலான பிள்ளைகளின் கைக்கு அது வரவில்லை. வந்தது அதைப் படியெடுத்துத் தைவானில் செய்த மைக்ரோ ஜீனியஸும் அதுபோன்ற பெட்டிகளும். கேசட்டும் அப்படித்தான். மேலே ‘64 இன் 1’ என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள்தான் தேறும். மற்றவை அதே விளையாட்டை மூன்றாம் கட்டத்திலிருந்தோ கூடுதல் உயிர்களோடோ தொடங்குகிற வேறு பெயர்கள். அடுத்து வந்த பிளேஸ்டேஷனிலும் கதை மாறவில்லை. உள்ளே சிப் மாற்றிப் பொருத்தி, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய நகல் வட்டுகளை ஓட்டினார்கள். அந்த நகல் வணிகத்தை அடக்கத்தான் அரசாங்கம் 2000-ல் ஒளிவட்டுச் சட்டமே கொண்டுவந்தது. ஆக, ‘கான்ட்ரா’வின் ஜப்பானியப் பெட்டியை இன்று பெருந்தொகை கொடுத்து வாங்குகிற ஜொகூர்வாசி தன் இளமையைத் திரும்ப வாங்கவில்லை. ஒசாக்காவில் வளர்ந்த ஒருவரின் இளமையை வாங்குகிறார். அவர் விளையாடிய ‘கான்ட்ரா’வுக்குப் பெட்டியும் இல்லை, வழிகாட்டிப் புத்தகமும் இல்லை.

அசலுக்கு ஆதரவான வாதங்கள் வலுவற்றவை என்று சொல்லிவிட முடியாது. சில விளையாட்டுகள் தாம் பிறந்த கருவியைவிட்டுப் பிரியா. ‘டக் ஹண்ட்’ துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் மூக்கிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் குறி பட்டதாகக் கணக்கு. குழாய்த் தொலைக்காட்சியின் காலக்கணக்கை நம்பிச் செய்த உத்தி இது. இன்றைய தட்டைத் திரை படத்தைக் காட்டச் சற்றே தாமதிப்பதால் எவ்வளவு சரியாகச் சுட்டாலும் வாத்து விழாது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-ல் அனலாக் ஒளிபரப்பு நின்ற பிறகு அந்தக் குழாய்ப் பெட்டிகளை வீட்டில் வைத்திருக்கப் பலருக்கும் காரணம் இல்லாமல் போய்விட்டது. எனவே அசலின் அனுபவம்தான் வேண்டும் என்பவர் கேசட்டோடு பழைய தொலைக்காட்சியையும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளையும் சேர்த்தே தேடியாக வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்தாலும் அசல் நிலைக்காது. விளையாட்டைச் சேமித்துவைக்கும் பல கேசட்டுகளில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். 1999-ல் வந்த ‘போக்கிமான் கோல்டு’ கேசட்டுகளில் பலவற்றில் அது எப்போதோ செத்துவிட்டது. மின்தேக்கிகள் ஒழுகுகின்றன, வட்டு படிக்கும் லேசர் மங்குகிறது. ஜொகூரின் ஈரக்காற்றில் அட்டைப்பெட்டியில் பூஞ்சை பிடிக்க ஓர் ஆண்டு அதிகம். கோத்தா திங்கிக்கு இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு அடுத்தடுத்துக் கரைபுரண்டு நகரத்தையே மூழ்கடித்தது. 9.8 என்று எண் போட்ட பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்தாலும் சேற்று வெள்ளத்துக்கு அது தெரியாது.

மாற்றுவழிகளுக்கு வருவோம். பழைய கருவியைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைக் குறிக்கும் எமுலேட்டர் என்ற சொல்லில் இன்னும் ஒரு கள்ள வாடை அடிக்கிறது. ஆனால் 2016-ல் நிண்டெண்டோவே விற்ற குட்டி ஃபேமிகாமுக்குள் இருந்ததும் எமுலேட்டர்தான்: சின்னக் கணினி, 30 விளையாட்டுகள், அவற்றை ஓட்ட ஒரு மென்பொருள். கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கு எதிராகச் சோனி தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய மென்பொருளை உருவாக்குவதற்காக அசலை ஆராய்ந்து படியெடுத்தது நியாயமான பயன்பாடே என்றது. 2024 ஏப்ரலில் ஆப்பிளும் கதவைத் திறந்துவிட, ‘டெல்டா’ எமுலேட்டர் ஐபோனுக்கு வந்தது. மென்பொருள் போதாது, பழைய மின்சுற்றே வேண்டும் என்பவர்களுக்கு எஃப்பிஜிஏ சிப்பில் அந்தச் சுற்றை மறுபடி கட்டியெழுப்பும் மிஸ்டர் போன்ற கருவிகள் உண்டு. அசல் கன்சோல் வைத்திருப்பவர் எவர்டிரைவ் கேசட் ஒன்றைச் செருகி, நினைவக அட்டையிலிருந்து விளையாட்டை ஏற்றலாம். விளையாடுவதுதான் நோக்கம் என்றால், என் கணிப்பில் இவை அசலைவிட மேலானவை. தெளிவான படம், சாகாத சேமிப்பு, எல்லாவற்றையும் சேர்த்தாலும் புகழ்பெற்ற ஓரிரு கேசட்டுகளின் விலை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: கருவி சரி, உள்ளே போடும் விளையாட்டு திருட்டுத்தானே, படைத்தவன் வயிற்றில் அடிப்பது தகுமா? நேர்மையான கேள்வி. ஆனால் பழைய கேசட்டை ஆயிரம் வெள்ளிக்கு வாங்கும்போதும் படைத்தவருக்கு ஒரு காசும் போவதில்லை. எல்லாம் இடையில் விற்றவருக்கே. படைத்தவருக்குப் போய்ச்சேரும் வழி மறுவெளியீடு. அது இருக்கும் இடத்தில் அதை வாங்குவதே முறை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. சிக்கல், அது பெரும்பாலும் இல்லை என்பது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு அப்போது மறுவெளியீடாக எங்கும் விற்பனையில் இல்லை. கிடைத்தவையும் மறைகின்றன: வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனையை நிண்டெண்டோ 2023 மார்ச்சில் நிறுத்தியது. சட்டம் இதற்கெல்லாம் விதிவிலக்குத் தந்துவிடவில்லை. நமது 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, கணினி நிரலின் பிரதியைச் சொந்தமாக வைத்திருப்பவர் அது தொலைந்தால் அல்லது அழிந்தால் பயன்படுத்தக் காப்புப் பிரதி எடுக்க மட்டுமே இடம் தருகிறது. அசல் வாங்குவதன் உண்மையான பலம் இந்தக் காலூன்றும் இடம்தான். சேகரிப்பாளர்களோ இதைவிட உறையின் பளபளப்பைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள்.

மாற்றுவழியின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் மலிவான கைக்கருவிகள் பலவற்றில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை முன்கூட்டியே நிரப்பி விற்கிறார்கள். உரிமம் பற்றிய கேள்வியே அங்கு எழுவதில்லை; அந்த வகையில் இது ‘64 இன் 1’-ன் பேரன். வாங்கியவர் பட்டியலை உருட்டிக்கொண்டே இருக்கிறார், ஒன்றையும் முடிப்பதில்லை. ஒரே கேசட்டை ஒரு பள்ளி விடுமுறை முழுக்க ஓட்டி மனப்பாடம் செய்த தலைமுறையின் அனுபவத்தை இந்தப் பெருக்கம் தராது. இன்னொரு குறையை யாரும் பேசுவதில்லை. அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் முறையாக வெளியான விளையாட்டுகளின் பட்டியல்கள். நாம் விளையாடிய வடிவம் அதில் இருந்தால் அதிசயம்.

போலியை இனம்காண, சேகரிப்பாளர்கள் சொல்லித்தரும் முதல் பாடம் கேசட்டைத் திறப்பது. அசலென்றால் பொதுவாகப் பச்சைப் பலகையில் நிறுவனத்தின் பெயர், ஆண்டு, வரிசையாகக் கால்கள் கொண்ட சிப். போலியில் பெரும்பாலும் பலகையின் நடுவே காய்ந்த தார் சொட்டுபோல ஒரு கறுப்புத் துளி. சிப்பை அதற்குள் புதைத்திருப்பார்கள். துளி தெரிந்தால் குப்பைக்கூடை என்பது அவர்கள் விதி. எனக்கோ இங்கே சேகரிக்கத் தகுந்தது அந்தத் துளிதான் என்று தோன்றுகிறது. மரியோவின் அசல் நிரலை உலகம் நூறு வழிகளில் காப்பாற்றி வைத்திருக்கிறது. கோத்தா திங்கியில் ஒருவர் இன்னொன்றை அலமாரியில் வைப்பதால் வரலாற்றுக்கு ஒரு லாபமும் இல்லை. பெயரில்லாத் தொழிற்சாலைகளில் பிறந்த பல்விளையாட்டுக் கேசட்டுகளின் நிலை அப்படியில்லை. எந்தப் பட்டியல் எங்கே விற்றது, யார் மெனுவுக்கு இசை போட்டார்கள் என்று எவரும் குறித்துவைக்கவில்லை. 1994-ல் சோனிக்கின் உலகத்துக்குள் மரியோவை ஓடவிட்ட ‘சோமாரி’ இப்படிப்பட்ட கள்ளச் சந்தையின் படைப்புதான். இன்று அதை ஆர்வலர்கள் தனியே ஆராய்கிறார்கள்.

திருட்டுப் பொருளுக்கு ஆவணக்காப்பகமா என்று கேட்கலாம். காப்பது வேறு, விற்பது வேறு. போலி நாணயத்தையும் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. அந்தக் காலத்துச் சந்தை எப்படி நடந்தது என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை. மேலும், விலை இல்லை என்பதே இங்கே வசதி. முதலீட்டாளர்கள் வராத இடத்தில் கொஞ்சம் நேரமும் ஒரு திருப்புளியும் இருந்தால் யாரும் சேகரிப்பாளர் ஆகலாம்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு ஸ்டோரில் மைக்ரோ ஜீனியஸோ அதன் உறவினரோ இருந்தால், பழைய இரும்பு லாரிக்குக் கிலோக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் முன்பக்கம், பின்பக்கம், திறக்க முடிந்தால் உள்ளிருக்கும் பலகை மூன்றையும் படமெடுங்கள். மெனுவில் வரும் பெயர்களை எழுத்துப்பிழையோடு அப்படியே எழுதிவையுங்கள்; எந்த ஆண்டில், எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பக்கத்திலேயே குறியுங்கள். பிறகு எல்லாவற்றையும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மேல்தட்டில் ஏற்றுங்கள். நவம்பருக்குள் செய்துவிடுங்கள், அதன்பின் பருவமழையில் ஆறு எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.