கையில் வைத்த ஐந்து

47-ஐ 8-ஆல் பெருக்க உட்காரும் ஒன்பது வயதுக் குழந்தையைப் பக்கத்தில் இருந்து ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஏழெட்டு எவ்வளவு என்பது சட்டென்று வருவதில்லை. எட்டு, பதினாறு, இருபத்துநாலு என்று விரல் மடக்கி எண்ணி ஒருவழியாக 56-ஐப் பிடித்துவிடுகிறது. ஆறை எழுதி, ஐந்தைக் கையில் வைத்துக்கொள்கிறது. அடுத்து நாலெட்டு. மறுபடியும் விரல்கள். 32 வந்து சேர்வதற்குள் கையில் வைத்த ஐந்து எங்கோ நழுவிவிட்டது. 376 என்று வரவேண்டிய விடை 326 ஆகிறது. பெருக்கும் முறை குழந்தைக்கு நன்றாகத் தெரியும். "கவனமே இல்லை" என்று அம்மா கடிந்துகொள்கிறார். இருந்த கவனம் முழுவதையும் ஏழெட்டும் நாலெட்டுமே தின்றுவிட்டன.

அமெரிக்காவில் பல வீடுகளில் இந்த அம்மாவேதான் ஆசிரியரும். 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. எந்தக் கணிதப் பாடத்திட்டத்தை வாங்குவது என்பது அந்தக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வரும் தலைவலி. சாக்ஸன், சிங்கப்பூர் மேத், மேத்-யூ-சீ, ரைட்ஸ்டார்ட் என்று நீளும் பெயர்களில் ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஆதரவாளர்கள் உண்டு. ஆனால் அடிப்படைக் கூட்டலும் பெருக்கலும் நினைவில் தங்குமா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து எடைபோட்டால், ஒவ்வொன்றின் பலமும் ஓட்டையும் தெளிவாகத் தெரிகின்றன.

சாக்ஸனிலிருந்து தொடங்கலாம். ஜான் சாக்ஸன் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஓக்லஹோமாவில் ஒரு கல்லூரியில் இயற்கணிதம் நடத்தும்போது, நேற்று புரிந்ததை இன்று மறந்துவிடும் மாணவர்களைக் கண்டு, தாமே புத்தகம் எழுதினார். புதிய பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாகத் தருவது, அன்றாடப் பயிற்சியில் பெரும்பகுதியைப் பழைய பாடங்களிலிருந்தே எடுப்பது என்ற இரண்டும்தான் அவர் முறை. பிற்காலத்தில் தொடக்க வகுப்புகளுக்கு வந்த சாக்ஸன் நூல்களிலும் இதே அமைப்புதான். பக்கங்கள் பார்க்க வறட்சியாக இருக்கும். படம் குறைவு, வண்ணம் குறைவு. ஆனாலும் செப்டம்பரில் படித்தது பிப்ரவரியிலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்வதையும் கலந்து செய்வதையும் ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் கல்லூரி மாணவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்கள் பின்தங்கினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ அவர்களே வெகுதூரம் முந்தினார்கள். பெற்றோர் இதை முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும். பிள்ளை தடுமாறுகிறதே என்று பாதியில் புத்தகத்தை மாற்றும் வீடுகள் ஏராளம். அந்தத் தடுமாற்றத்தில்தான் நினைவு வேர்பிடிக்கிறது.

சாக்ஸனின் குறை வேறிடத்தில் இருக்கிறது. நூறு கூட்டல்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வைத்து முடிக்கச் சொல்லும் வழக்கம் அதில் உண்டு. சில பிள்ளைகளுக்கு அது பந்தயம். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜோ போலர் போன்றோர் இந்த நேரக்கெடுத் தேர்வுகளைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். மறுபக்கம், 2008-இல் அறிக்கை தந்த அமெரிக்க தேசியக் கணித ஆலோசனைக் குழு, புரிதலும் வேண்டும், அடிப்படை விடைகள் யோசிக்காமல் வரவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே வலியுறுத்தியது. கடிகாரத்தைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு அதே தாளை நடத்த முடியும் என்பதால், இது பாடத்திட்டத்தையே நிராகரிக்கும் அளவுக்குப் பெரிய குற்றமல்ல.

சிங்கப்பூர் மேத்தின் கதை வேறு. சிங்கப்பூர் கல்வி அமைச்சு 1980-களில் உருவாக்கிய நூல்களின் வழிவந்தது அது. 1995-இல் நடந்த டிம்ஸ் பன்னாட்டுத் தேர்வில் சிங்கப்பூர் முதலிடம் பெற்ற பிறகு, அமெரிக்க வீடுகள் அதைத் தேடி வாங்கத் தொடங்கின. முதலில் கையில் பொருள், பிறகு படம், அதன் பிறகே எண் என்பது அதன் வரிசை. சொற்கணக்கைப் பட்டைகளாக வரைந்து தீர்க்கும் முறை உண்மையிலேயே அழகானது. எட்டோடு ஆறைக் கூட்ட, ஆறிலிருந்து இரண்டைக் கழற்றி எட்டைப் பத்தாக்கி, மீதி நாலைச் சேர்க்கச் சொல்லித்தருகிறது. ஏன் பதினாலு என்று பிள்ளைக்குக் கேள்வியே எழாது.

ஆனால் நூல்கள் மெல்லியவை. சிங்கப்பூரில் வகுப்பறைக்குப் பயிற்சிபெற்ற ஆசிரியர் இருக்கிறார். பல பிள்ளைகள் மாலையில் டியூஷனுக்கும் போகிறார்கள். திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பயிற்சி அங்கெல்லாம் நடந்துவிடுகிறது. ஓஹாயோவிலோ டெக்சாஸிலோ சமையலறை மேசையில் அந்த மெல்லிய நூலை மட்டும் விரிக்கும் அம்மாவுக்கு அந்த மீதிப் பாதி கிடைப்பதில்லை. பெற்றோர் கையேட்டில் மனக்கணக்குப் பக்கங்கள் உண்டு. நேரமில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் அந்தப் பக்கங்கள்தான்.

மேத்-யூ-சீ வண்ணக் கட்டைகளை வைத்து ஓராண்டு முழுக்க ஒரே செயலில் ஊன்றி நிற்கிறது. பெருக்கல் ஆண்டில் 2, 10, 5 என்ற எளிய வாய்ப்பாடுகள் முன்னே வரும். 7, 8 கடைசியில். இந்த வரிசையின் அருமையை ஒரு கணக்குப் போட்டால் உணரலாம். 2 முதல் 9 வரையிலான பெருக்கல்களில், 3×7-உம் 7×3-உம் ஒன்றே என்று வைத்தால், இருப்பவை மொத்தம் 36. இரட்டிப்பையும் ஐந்தையும் கழித்தால் 21. ஒன்பது என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கு குறைவு என்று புரிந்துவிட்டால் 15. நாலு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு என்றால் எஞ்சுவது வெறும் பத்து. பிள்ளை உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியது அந்தப் பத்தைத்தான். நம்மூர் வாய்ப்பாட்டுப் புத்தகம் ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று பாட்டாகவே ஏற்றிவிடும். அது நன்றாகத் தங்கும். நடுவிலிருந்து கேட்டால் மட்டும் பலருக்கு முதலிலிருந்து ஓடி வரவேண்டியிருக்கும். மேத்-யூ-சீயின் சிக்கல், ஓராண்டு பெருக்கலிலேயே ஊறும்போது மற்றவை மங்குவது. நடுவே வேறு திட்டத்துக்கு மாறும் பிள்ளை எந்த வகுப்பிலும் சரியாகப் பொருந்தாது.

ரைட்ஸ்டார்ட் நூறு மணிகள் கோத்த மணிச்சட்டத்தையும் சீட்டாட்டத்தையும் நம்புகிறது. ஒவ்வொரு கம்பியிலும் ஐந்தாவது மணிக்குப் பிறகு நிறம் மாறும். அதனால் எட்டைப் பிள்ளை எண்ணுவதில்லை, ஐந்தும் மூன்றுமாகப் பார்க்கிறது. விரல் விட்டு எண்ணும் பழக்கத்தை முளையிலேயே தடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. விலையும் கூட, பெற்றோர் தினமும் கூடவே உட்கார வேண்டிய நேரமும் கூட. நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது எளிதல்ல.

எல்லாவற்றையும் தள்ளிப்போடலாம் என்பவர்கள் பெனசெட்டின் பெயரைச் சொல்வார்கள். நியூஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளரான அவர், 1929-இல் சில வகுப்புகளில் முறையான எண்கணிதத்தை ஆறாம் வகுப்பு வரை ஒத்திவைத்தார். பிள்ளைகள் பின்னர் ஈடுகட்டிவிட்டார்கள் என்றும் எழுதினார். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் எண்ணே இல்லாமல் இருக்கவில்லை. அளந்தார்கள், உத்தேசமாகக் கணித்தார்கள், பேசினார்கள். வீட்டில் அந்த உழைப்பு இல்லாமல் வெறுமனே தள்ளிப்போடுவதற்குப் பெனசெட் சாட்சியாக மாட்டார்.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு வீட்டுக்கல்விப் பெற்றோர் அனைவரும் அறியவேண்டியது. கணக்கென்றால் பயப்படும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, அவர்களின் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள். பயமும் அவர்களைத் தொற்றியது. அப்படிப்பட்ட அம்மாவுக்கு, என்ன பேச வேண்டும் என்பதுவரை எழுதித்தரும் சாக்ஸனின் தொடக்க நூல்கள் உண்மையான துணை. கணக்கில் துணிவுள்ளவர் சிங்கப்பூரை எடுத்து, பயிற்சியைத் தாமே சேர்த்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களையும் நிலையறியும் தேர்வையும் இலவசமாகவே தருகின்றன. வாங்குமுன் நூலின் பிற்பகுதியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, முதல் மாதத்துப் பாடம் அதில் எங்காவது திரும்ப வருகிறதா என்று தேட வேண்டும். வரவில்லை என்றால், அந்தப் பத்துப் பெருக்கல்களைப் பத்துச் சீட்டுகளில் எழுதிச் சமையலறை இழுப்பறையில் போட்டு வைக்கலாம். துணி மடிக்கும்போது ஒரு சீட்டை உருவி, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்கலாம். "ஏழேழு நாற்பத்தொன்பது, அதோடு ஒரு ஏழு" என்று பிள்ளை யோசித்துச் சொன்னாலும் சரிதான். அந்தச் சீட்டை மேலாக வைத்துவிட்டு, நாளைக்கும் கேட்க வேண்டும்.