லுட்யென்ஸ்: அடையாற்றங்கரையிலிருந்து ஒரு வாசிப்பு

எட்வின் லுட்யென்ஸைப் (1869–1944) பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக ஒரே வரிசையில்தான் எழுதுகிறார்கள்: சர்ரே கிராமத்து வீடுகள், 1912 முதல் புதுதில்லி, லண்டன் செனடாஃப் (1920), 1931இல் திறக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை. அப்புறம் அந்தப் பழைய சண்டை: மாளிகை இந்தியப் பாணியா, ஐரோப்பியப் பாணியா? இந்தக் கேள்வியே போதாது என்பது என் கட்சி.

அவர் மனைவி எமிலி 1910இல் தியசாபிகல் சொசைட்டியில் சேர்ந்தவர், ஜே. கிருஷ்ணமூர்த்திக்குத் தாய்போல் இருந்தவர். சொசைட்டிக்காக லண்டன் டாவிஸ்டாக் சதுக்கத்தில் லுட்யென்ஸ் வரைந்த கட்டடத்துக்கு 1911இல் அன்னி பெசன்ட் அடிக்கல் நாட்டினார். போரில் வேலை நின்றது. கடைசியில் அது பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கைக்குப் போய் 1925இல் திறக்கப்பட்டது. அதே வருஷம் அடையாற்றில் சொசைட்டியின் பொன்விழா மாநாடு, எமிலி வந்திருந்தார்.

எமிலி யார் மகள்? தாது வருஷப் பஞ்சத்தின்போது வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள். சென்னை ராஜதானி பட்டினியில் செத்துக்கொண்டிருக்க, 1877 ஜனவரியில் தில்லியில் தர்பார் நடத்தியவர். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் அந்தப் பஞ்சத்தில்தான் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதற்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். கோட்டூர்புரம் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார்: "பசிச்ச கை வெட்டுனதுய்யா இது. பேரு மட்டும் தொரைக்கு."

மாமனார் பாவத்தை மருமகன் தலையில் கட்டுகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. மருமகனின் கணக்கு தனி. ரெய்சினா, மால்ச்சா கிராமத்தாரின் நிலத்தை 1894ஆம் வருஷச் சட்டத்தால் எடுத்து எழுந்தது புதுதில்லி. இந்தியக் கட்டடக் கலையை இளக்காரமாகவே பேசியவர், வைஸ்ராய் ஹார்டிஞ்சின் நெருக்கலால் சாஞ்சியின் சாயலில் குவிமாடம் வைத்தார். அதை 'இணைவு' என்று கொண்டாடும் விமர்சனம், நிலம் யாருடையது என்ற இடத்தில் மௌனமாகிவிடுகிறது.

அவர் திறமையை நான் மறுக்கவில்லை. மதச் சின்னமோ இறந்தவர் பெயர்களோ இல்லாத செனடாஃப், பெயரற்ற சாவுக்கு உருவம் தரத் தெரிந்த கையின் வேலை. கால்வாய் வெட்டியவர்களுக்கு அப்படி ஒரு கல்கூட நான் இங்கே பார்த்ததில்லை. கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஆகவே எந்தக் கட்டடத்தையும் பார்த்துப் பாணியைக் கேட்குமுன், யாரை எழுப்பிவிட்டு இது எழுந்தது என்று கேட்போம்.