ஒரு சொத்தைக்கும் ஆறு சொத்தைக்கும் ஒரே கூலி

1948 ஜூலையில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசம்தான். பல்செட் கேட்டு வந்த கூட்டத்தில் அரசின் செலவுக் கணக்கு தடுமாறியது. 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் என்று முடிவானதும், அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இதய அறுவைக்குக் காசு கேட்காத நாடு, பல்லுக்குக் கேட்பது அப்போது தொடங்கியது.

அரசுத் திட்டத்தில் பல் டாக்டர் கிடைக்காத இன்றைய சிக்கலின் வேர், டாக்டர்களோடு செய்த 2006-ஆம் ஆண்டு ஒப்பந்தம். அதற்கு முன்பு டாக்டருக்குச் செய்த வேலைக்கேற்பக் கூலி. தேவையில்லாத பல்லையும் குடைந்து அடைக்கத் தூண்டும் முறை அது. அதை மாற்றி, சிகிச்சைகளை மூன்று படிகளாக்கினார்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் நிலவரப்படி அவற்றின் கட்டணம் 27.40, 75.30, 326.70 பவுண்டு. எத்தனை பல் அடைத்தாலும் இரண்டாம் படிக்கு மேல் போகாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டணமே இல்லை. என்ன செலவாகுமோ என்ற பயமில்லாமல் நாற்காலியில் உட்கார முடிவது பெரிய விஷயம்; தனியார் கிளினிக்கில் அந்த நிம்மதி கிடைக்காது.

ஆனால் டாக்டர் பக்கத்துக் கணக்கு வேறு. தொடக்கத்தில் இரண்டாம் படிக்கு அவருக்குக் கூலியாக மூன்று அலகு கிடைத்தது. ஒரு பல்லை அடைத்தாலும் மூன்று, ஆறு பல்லை அடைத்தாலும் மூன்று, வேர் சிகிச்சை செய்தாலும் மூன்று. பல வருடம் டாக்டரையே பார்க்காத ஏழையின் வாய் மணிக்கணக்கில் உழைப்பைக் கேட்கும். ஒழுங்காகப் பல் பேணுகிறவரைப் பார்ப்பதே லாபம். யாருக்குச் சிகிச்சை அதிகம் தேவையோ அவரையே நஷ்டமாக்கிய ஒப்பந்தத்தை நீதியானது என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று பல்லோ அதற்கு மேலோ அடைத்தால் ஐந்து அலகு என்று திருத்த 2022 நவம்பர் வரை ஆயிற்று.

இந்த டாக்டர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். சொந்தக் கிளினிக் வைத்து ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். கட்டுப்படியாகாதபோது அரசு வேலையைக் குறைத்துக்கொண்டு தனியார் நோயாளிகளிடம் நகர்ந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்பது எளிது, சரியல்ல. 2022-இல் பிபிசி விசாரித்தபோது, பத்தில் ஒன்பது கிளினிக்குகள் அரசுத் திட்டத்தில் புதிதாகப் பெரியவர்களைச் சேர்க்கவில்லை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு கிளினிக் திறந்தபோது வரிசையை ஒழுங்குபடுத்தப் போலீஸ் வர வேண்டியிருந்தது.

குழந்தைகளின் நிலைமைதான் என்னை அதிகம் வருத்துகிறது. இங்கிலாந்தில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவதற்கு முதல் காரணம் பற்சொத்தை. முழு மயக்கம் கொடுத்துப் பல் பிடுங்குகிறார்கள். அவர்களுக்கு எல்லாமே இலவசம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒவ்வொரு நோயாளியையும் தொடர்ந்து கவனிப்பதற்குப் பணம் கொடுக்கும்படி 2009-இல் ஜிம்மி ஸ்டீல் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. அந்த வழியில் நடந்த சோதனைகள் 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் டாக்டர் வேலையைக் குறைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டுதான். அதற்கு வழியிருக்கிறது: நலிந்த பகுதியில் கெட்ட வாயோடு வருகிறவரைச் சேர்த்துக்கொள்ளும் டாக்டருக்கு, முதல் வருடம் கூடுதல் தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.